1780ஆ, 1932ஆ? இந்திய ராணுவப் பொறியாளர் படையின் வயது குறித்து

இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை 1780இல் தொடங்கியதாக ஓரிடத்திலும், 1932இல் தொடங்கியதாக இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறார்களே, இவற்றில் எது சரி என்பது கேள்வி. இரண்டும் சரிதான். பெங்களூரிலுள்ள மெட்ராஸ் பொறியாளர் குழு தன் பிறப்பை 1780 செப்டம்பர் 30இலிருந்து கணக்கிடுகிறது. கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ் என்ற முழுப் படையும் கொண்டாடும் நாள் 1932 நவம்பர் 18. இடையில் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான இடைவெளி ஏன் வந்தது என்பதில்தான் இந்தப் படையின் வரலாறே இருக்கிறது. தொடக்கத்தில் இது ஒரே படையாக இருக்கவில்லை. திட்டம் போடும் அதிகாரிகள் ஓர் அமைப்பாகவும், மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய சிப்பாய்கள் வேறோர் அமைப்பாகவும், பாசறைகளையும் கட்டடங்களையும் கட்டிப் பராமரிக்கும் துறை மூன்றாவதாகவும் தனித்தனியே வளர்ந்தன. முதல் அமைப்பில் இருந்தவர்கள் வெள்ளையர்கள், இரண்டாவதில் இருந்தவர்கள் நம்மவர்கள்.

முதலில் வந்தவர்கள் அதிகாரிகள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொண்டதும், அது 1749இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் திரும்பி வந்ததும் கம்பெனிக்கு ஒன்றைப் புரிய வைத்தன: வணிகக் கிடங்கைச் சுற்றி எழுப்பிய மதில் ஐரோப்பியப் பீரங்கிக்கு முன் நிற்காது. கோட்டைகளைச் சீர்செய்ய அவர்கள் அனுப்பியவர் பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் முறையைக் கண்டறிந்து ஐரோப்பாவில் பெயர் பெற்ற கணித அறிஞர் அவர். 1750இல் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர், அடுத்த ஆண்டே அங்கே இறந்துபோனார். அவருக்குப் பின் ஜான் கால், பேட்ரிக் ராஸ் ஆகியோர் தலைமைப் பொறியாளர்களாக இருந்தார்கள். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையின் தற்காப்புப் பணிகளைக் கவனித்தவர் கால். இன்று நாம் பார்க்கும் புனித ஜார்ஜ் கோட்டையின் வெளிமதில் அமைப்பு பெரும்பாலும் இவ்விருவர் காலத்தது.

ஆனால் இந்த அதிகாரிகளுக்குக் கீழே நிலையான ஆட்கள் இல்லை. ஒவ்வொரு போருக்கும் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். அமைதிக் காலத்தில் மதில் கட்ட அது போதும். எதிரியின் துப்பாக்கி எட்டும் தூரத்தில் பள்ளம் தோண்டச் சொன்னால் தினக்கூலிக்காரர் ஓடிவிடுவார், அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தக் குறையின் விலை 1780இல் தெரிந்தது. மைசூரின் ஹைதர் அலி அந்த ஆண்டு ஜூலையில், அன்று ‘கர்நாடகம்’ எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் தமிழ்ப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதற்கு இருபது நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, மெட்ராஸ் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள், அதாவது சிறு படைப்பிரிவுகள், திரட்டப்பட்டன. அவற்றின் பொறுப்பை ஏற்றவர் ஜோசப் மூர்ஹவுஸ் என்னும் பீரங்கிப் படை லெப்டினன்ட். பின்னாளில் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்த இவர், 1791இல் பெங்களூர்ப் பேட்டையின் வாயிலைத் தாக்கும்போது கொல்லப்பட்டார். இவரைப் பொறியாளர் என்று சிலர் எழுதுவதுண்டு. பயனியர்களை முதலில் நடத்தியவர் பொறியாளர் அல்லர், பீரங்கிக்காரர் என்பதே இரு அமைப்புகளும் எவ்வளவு தள்ளி இருந்தன என்பதைக் காட்டுகிறது.

அந்தச் சிப்பாய்கள் செய்த வேலை என்னவென்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பிற்காலத்தில் கருவிகள் மாறினவே தவிர வேலையின் தன்மை அதிகம் மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டு முற்றுகையில் கோட்டைக்கு நேராக ஓடிப்போய் ஏணி சாத்துவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பு, கோட்டைப் பீரங்கி எட்டாத தொலைவிலிருந்து இரவில் பதுங்குகுழி தோண்டத் தொடங்குவார்கள். நேர்கோட்டில் தோண்டினால் கோட்டை மதில் மேலிருந்து ஒரே குண்டு குழி நெடுகப் பாய்ந்துவிடும் என்பதால், குழி வளைந்து வளைந்து முன்னேறும். முன்னால் இருப்பவர், சுள்ளிகளால் முடைந்த அடியில்லாத பெரிய கூடை ஒன்றை நிறுத்தி, தோண்டிய மண்ணை அதிலேயே கொட்டி நிரப்புவார். அது நிறைந்தால் அதுவே அவருக்கு மதில். பிறகு அடுத்த கூடை. இப்படிப் பீரங்கிகளைச் சுவருக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்தி, அதில் ஓர் உடைப்பை ஏற்படுத்திய பிறகே காலாட்படை உள்ளே நுழையும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது இந்த முறையில்தான். உடைப்பு வழியே நுழைந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. காவிரியாற்றின் எதிர்க்கரையில் இரவு பகலாக மண் வெட்டியவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

மற்ற இரண்டு மாகாணங்களிலும் இதே கதை சற்று முன்பின்னாக நடந்தது. பம்பாயில் 1777இலேயே இத்தகைய பணியாளர் கம்பெனி ஒன்று இருந்தது. வங்காளப் பயனியர்கள் 1803இல் கான்பூரில் திரட்டப்பட்டார்கள். சென்னையின் பயனியர்களில் ஒரு பகுதியினர் 1831இல் ‘மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ (பதுங்குகுழியும் சுரங்கமும் தோண்டுபவர்கள்) என்று பெயர் மாறினார்கள். இன்றைய மெட்ராஸ் பொறியாளர் குழு இவர்களின் வழிவந்ததே. வங்காளப் பிரிவு 1853 முதல் ரூர்க்கியிலும், பம்பாய்ப் பிரிவு பின்னர் புனேக்கு அருகிலுள்ள கட்கியிலும் நிலைகொண்டன. இன்றும் அந்தந்த ஊர்களில்தான் இருக்கின்றன.

1857ஐத் தாண்டிச் செல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று தில்லியின் காஷ்மீர் வாயிலை வெடிவைத்துத் தகர்த்த நிகழ்ச்சியை வங்காள சாப்பர்களின் பெருமைகளுள் ஒன்றாக எழுதுவார்கள். மதிலிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போதே, பட்டப்பகலில், வெடிமருந்து மூட்டைகளைச் சுமந்துபோய் வாயிலில் சாத்தியவர்களில் இந்தியச் சாப்பர்களும் இருந்தார்கள், இறந்தார்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும். இந்தியருக்கு அந்த விருதைப் பெறும் தகுதியே 1911 வரை இருக்கவில்லை. ஆனால் அதே வங்காள சாப்பர்களில் பலர், நான்கு மாதங்களுக்கு முன்பு மே 16 அன்று மீரட்டில் தங்கள் தளபதி பிரேசரைக் கொன்றுவிட்டுக் கிளர்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். படையின் விழா மலர்கள் முதல் பாதியை விரிவாகவும் இரண்டாம் பாதியைச் சுருக்கமாகவும் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அன்றைய நிலை விளங்கும்.

இனி அதிகாரிகளின் பக்கம். கம்பெனியின் பொறியாளர் அதிகாரிக்குப் போர் இல்லாத ஆண்டுகளே அதிகம். அந்த ஆண்டுகளில் அவர் நிலம் அளந்தார், அணை கட்டினார், சாலை போட்டார். மெட்ராஸ் பொறியாளர்களில் ஒருவரான காலின் மெக்கன்சி 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். அவர் திரட்டிய சுவடிகளில் பெரும்பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. மெட்ராஸ் பொறியாளர்களில் இன்னொருவரான ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பு மேலணையைக் கட்டி, கொள்ளிடத்தில் வீணாகிக்கொண்டிருந்த நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதன் வெற்றிதான் அவரைக் கோதாவரிக்குக் கொண்டுபோனது. தவளேஸ்வரம் அணை 1852இல் முடிந்தது. வங்காளப் பொறியாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1861இல் இந்தியத் தொல்லியல் துறையைத் தொடங்கி வைத்தார். தொல்லியலும் நில அளவையும் பாசனமும் ராணுவப் பொறியாளர் கையில் போனது ஏதோ அவர்களுடைய தனித்த மேதைமையால் அன்று. நாட்டில் அன்று கணிதமும் வரைபடமும் முறையாகக் கற்றுச் சம்பளத்தில் இருந்த கூட்டம் அது ஒன்றே என்பதே பெரிய காரணம்.

இந்த வரிசையில் தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்த பெயர் கர்னல் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணை வேலை 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. தேனி மாவட்டத்தில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள், அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்கள், மணிமண்டபம் இருக்கிறது. அந்தக் காட்டில், மலைக்காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே, மெட்ராஸ் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன்களைச் சேர்ந்த சிப்பாய்களும் வேலை செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பென்னிகுயிக்கின் புகழில் ஓர் இழைகூடக் குறைய வேண்டியதில்லை. ஆனால் அணையைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டு பட்டாலியன்களையும் ஒரு வரியிலாவது சேர்த்துக்கொள்ளலாம்.

யார் அந்தச் சிப்பாய்கள்? தமிழ், தெலுங்கு மாவட்டங்களின் எளிய குடும்பத்தவர்கள். அவர்களில் ஆதிதிராவிட மக்களும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ‘போர்க்குணம் மிக்க இனங்கள்’ என்ற கொள்கை ராணுவத்தைப் பிடித்தாட்டியபோது, தென்னிந்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லி மெட்ராஸ் காலாட்படையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்தக் கருத்தை உரக்கச் சொன்னவர்களில் முதன்மையானவர், மெட்ராஸ் படைத் தலைவராக இருந்துவிட்டுப் பின் இந்தியத் தலைமைத் தளபதியான ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். அவரே மெட்ராஸ் சாப்பர்களை மட்டும் விலக்காக வைத்தார். சீனம், அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), எகிப்து, பர்மா என்று கடல்கடந்த ஒவ்வொரு போருக்கும் அவர்களை அனுப்பியிருந்ததால், அவர்களின் திறமையை மறுக்க வழியில்லை. சாதிக் கட்டுப்பாடு காட்டாமல் கிடைத்த உணவை உண்டு, கப்பலேறத் தயங்காமல், எந்த வேலையையும் செய்தவர்கள் என்பது அக்கால அதிகாரிகள் அவர்களைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதியது. ராணுவத்தில் இன்றும் மெட்ராஸ் சாப்பருக்குத் ‘தம்பி’ என்பதே செல்லப்பெயர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில்நுட்பம் வேலையைப் பிரிக்கத் தொடங்கியது. தந்தியும் செய்தித் தொடர்பும் அதுவரை சாப்பர்களின் கையில் இருந்தவை. 1911 பிப்ரவரி 15 அன்று அவை தனியாகப் பிரிந்து, பின்னாளில் சிக்னல்ஸ் படையாயின. அடுத்த ஆண்டு பெங்களூரில் கேப்டன் மெக்ளின்டாக் என்ற அதிகாரி முள்கம்பி வேலிகளைத் தகர்க்க ஒரு கருவி செய்தார். வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய்கள், ஒன்றோடொன்று திருகிப் பொருத்தக்கூடியவை. படுத்துக்கொண்டே ஒவ்வொரு குழாயாகப் பொருத்தி வேலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போய் வெடிக்கச் செய்தால், ஆள் நுழையும் அளவுக்கு வழி பிறக்கும். ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற பெயரோடு அது உலகம் முழுவதும் போய், 1944இல் நார்மண்டிக் கடற்கரையிலும் வெடித்தது.

முதல் உலகப் போரில் சாப்பர்களை வீணடித்த கதையும் உண்டு. 1914 அக்டோபர் 28 அன்று பிரான்சில் நூவ் ஷப்பேல் கிராமத்தைத் திரும்பப் பிடிக்க, ஆள் பற்றாக்குறையால் பம்பாய் சாப்பர்களின் 20, 21ஆம் கம்பெனிகளைக் காலாட்படை போலவே 47ஆம் சீக்கியப் படையோடு சேர்த்து இறக்கினார்கள். வீடு வீடாகப் போராடிக் கிராமத்தைப் பிடித்துவிட்டு, துணைப்படை வராததால் பின்வாங்கினார்கள். அந்த இரண்டு கம்பெனிகளிலும் காயமோ சாவோ இல்லாத பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர்கூட மிஞ்சவில்லை. பல ஆண்டுப் பயிற்சியில் உருவான கைத்தொழிலாளர்களை ஒரே நாளில் இழப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மாறாக 1917 பிப்ரவரி 23 அன்று மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்கில்), டைகிரிஸ் ஆற்றின் ஷும்ரான் வளைவில், துருக்கியர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே படைகளைப் படகில் கடத்தி, அன்று மாலைக்குள் மிதவைப் பாலத்தையும் முடித்தது அவர்களுக்குரிய வேலை. அதன்பின் பாக்தாத் விழ மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை.

போருக்குப் பிறகுதான் மூன்று அமைப்புகளும் நெருங்கி வந்தன. கட்டுமானப் பணிகளுக்கான துறை 1923 செப்டம்பர் 26 அன்று மிலிட்டரி எஞ்சினியர் சர்வீசஸ், அதாவது எம்.இ.எஸ்., என்ற வடிவம் பெற்றது. சாப்பர் குழுக்களும் எம்.இ.எஸ்.சும் ஒரே படையாக அங்கீகரிக்கப்பட்ட நாளே நான் முதலில் சொன்ன 1932 நவம்பர் 18. அடுத்த ஆண்டு, சாப்பர்களாக மாறாமல் தனியே நீடித்துவந்த பயனியர் பட்டாலியன்கள் செலவுக் குறைப்பில் கலைக்கப்பட்டன. பெரியாற்றில் உழைத்த படைப்பிரிவுகளின் முடிவு அதுதான். ஆகவே 1780 என்பது சிப்பாய்களின் ஆண்டு, 1932 என்பது நிர்வாகத்தின் ஆண்டு. அதிகாரிகளின் ஆண்டு வேண்டுமென்றால் ராபின்ஸ் வந்திறங்கிய 1750ஐச் சொல்லலாம், ஆனால் அதை யாரும் கொண்டாடுவதில்லை.

அதிகாரி வெள்ளையர், சிப்பாய் இந்தியர் என்ற பிரிவினை உடைந்தது இரண்டாம் உலகப் போரில். பம்பாய் சாப்பர்களின் இரண்டாம் லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத், 1941 பிப்ரவரியில் அபிசீனியாவில் பின்வாங்கும் இத்தாலியரைத் துரத்திய படைக்கு முன்னால் சென்று, நான்கு நாள்களில் ஐம்பத்தைந்து மைல் சாலையில் பதினைந்து கண்ணிவெடிக் களங்களைக் கண்டறிந்து அகற்றினார். அவர் ஏறிச்சென்ற வண்டி இரண்டு முறை கண்ணிவெடியில் சிக்கிச் சிதறியது. செவிப்பறை கிழிந்த பிறகும் நிறுத்தவில்லை. அந்தப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய அதிகாரி அவர். மெட்ராஸ் சாப்பர்களின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மினியானோவுக்கு அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அது உடனே வெடிக்காமல், சில நொடி கழித்துச் சிதறும் வகை. அந்த நொடிகளுக்குள் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து, சுற்றி நின்றவர்களைக் காப்பாற்றி, தாம் இறந்தார். நேரடிப் போர் அல்லாத சூழலில் காட்டும் வீரத்துக்கான பிரிட்டனின் உயர்ந்த விருதான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. பகத்தைப் பற்றி நூல்கள் உண்டு. சுப்பிரமணியனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நான் பார்த்ததில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் (Chindwin) ஆற்றின் குறுக்கே, எஃகுச் சட்டகங்களைக் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தின் மிதக்கும் வடிவம் ஒன்று 1,154 அடி நீளத்தில் எழுந்தது. அக்காலத்தில் அந்த வகையில் உலகிலேயே மிக நீளமானது அது.

1947இல் படை பிரிந்தபோது ஆட்களையும் தளவாடங்களையும் பாகிஸ்தானோடு பங்கிட்டுக்கொண்டார்கள். மூன்று குழுக்களின் தாய்ப் பாசறைகளும் இந்தியப் பக்கத்தில் இருந்ததால், இந்தியப் படைக்கு அடித்தளம் கலையவில்லை. பாகிஸ்தான் தன் பொறியாளர் மையத்தைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. சில மாதங்களிலேயே காஷ்மீரில் போர் வந்தது. 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரிக்குச் செல்லும் சாலையைத் திறக்கும் பொறுப்பு பம்பாய் சாப்பர்களின் இரண்டாம் லெப்டினன்ட் ராமா ரகோபா ரானேயிடம் வந்தது. முதல் நாளே தொடையில் காயம். சாலையெங்கும் வெட்டிச் சாய்த்த மரங்கள், நடுவில் கண்ணிவெடிகள், மேலே மலைச்சரிவிலிருந்து இயந்திரத் துப்பாக்கி. ரானே ஒரு ஸ்டூவர்ட் டாங்கியின் அடியில் படுத்து, அது நகரும்போது கூடவே ஊர்ந்தார். ‘போ’, ‘நில்’ என்று ஓட்டுநருக்குச் சொல்ல இரண்டு கயிறுகள் அவர் கையில் இருந்தன. அந்த நாள்களின் வேலைக்காக அவருக்குக் கிடைத்த பரம வீர் சக்கரம், அவ்விருதை உயிரோடு பெற்ற முதல் மனிதராக அவரை ஆக்கியது. அதே ஆண்டு இறுதியில் சோஜி லா கணவாய்க்கு மெட்ராஸ் சாப்பர்கள் பால்தாலிலிருந்து கோவேறு கழுதைப் பாதையை அகலப்படுத்தினார்கள். நவம்பர் 1 அன்று ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் டாங்கிகள் தோன்றியது எதிரிகள் கனவிலும் நினைக்காதது.

அதற்குப் பிந்தைய பணிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். எல்லைச் சாலைகளுக்கென 1960 மே 7 அன்று தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு தனி நிறுவனம் என்றாலும், அதன் அதிகாரிகளில் பலர் இந்தப் படையிலிருந்து செல்பவர்கள். போர்க்களத்தில், 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றைக் கடக்க 9ஆம் பொறியாளர் ரெஜிமென்ட் பாகிஸ்தானின் கண்ணிவெடிக் களத்தினூடே இரவில் வழி வெட்டியது. டாங்கிச் சண்டையில் வீழ்ந்த அருண் கேத்ரபாலை நாடு நினைவில் வைத்திருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் பணியை முன்னின்று நடத்தி அந்தப் போரிலேயே இறந்து, மகா வீர் சக்கரம் பெற்ற மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியை அறிந்தவர்கள் குறைவு.

இன்று இவர்களைப் பொதுமக்கள் பெரும்பாலும் பேரிடர்க் காலத்தில்தான் காண்கிறார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மண்சரிந்து சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, மெட்ராஸ் பொறியாளர் குழு 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் போட்டு முடித்தது. பெய்லியின் அடிப்படைச் சட்டகம் பத்தடி நீளமும் சுமார் 260 கிலோ எடையும் உள்ளது, ஆறு பேர் தூக்கினால் போதும், கிரேன் வேண்டாம். சட்டகங்களை இக்கரையிலேயே உருளைகளின் மேல் வரிசையாகக் கோத்து, முன்பக்கம் எடை குறைந்த மூக்கு ஒன்றைச் சேர்த்து, பின்பக்கக் கனமே சாயாமல் காக்க, அப்படியே அக்கரைக்குத் தள்ளுவார்கள். மூக்கு எதிர்க்கரையைத் தொட்டதும் அதைக் கழற்றிவிடலாம். பாலம் 24 டன் தாங்கியதால், மண் அள்ளும் இயந்திரங்கள் முண்டக்கை வரை போக முடிந்தது. எண்பது ஆண்டுக்கு முந்தைய வடிவமைப்பு, சாலையே இல்லாத இடத்தில் அதற்கு இன்றும் போட்டியில்லை.

இத்தனைக்குப் பிறகும் பொறியாளர் படையிலிருந்து ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதியாக வர நெடுங்காலம் ஆயிற்று. லெப்டினன்ட் ஜெனரல் பகத் அந்தப் பதவிக்கு வருவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அப்போது தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பேவூரின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டதால் 1974இல் அவர் ஓய்வு பெற நேர்ந்தது. ஜெனரல் மனோஜ் பாண்டே 2022 ஏப்ரல் 30 அன்று பொறுப்பேற்றபோதுதான் முதன்முறையாக ஒரு பொறியாளர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். பகத்தும் ரானேயும் வந்த அதே பம்பாய் சாப்பர்களைச் சேர்ந்தவர் அவர்.